துரைசாணிக்கு ஒரு புடவை

ஆரணிக்குப் போகிறேன் என்று வாயைத் திறந்தால் போதும், "புடவை எடுக்கவா?" என்று கேட்டுவிடுவார்கள். எண்பத்து நாலாம் வருடம் ஆடி மாதத்தில் வேலூர்ப் பேருந்து நிலையத்தில் என்னிடம் நாலு பேர் கேட்டார்கள். டிக்கெட் கிழித்த நடத்துனர் ஒரு படி மேலே போய், "கல்யாணப் பொடவையா? கடைக்குப் போவாதீங்க, தறிக்காரங்க வூட்லயே பார்த்து எடுங்க" என்று யோசனையும் சொன்னார். புடவை எடுக்க வரவில்லை, ஒரு வீட்டில் இருக்கும் பழைய ஓவியத்தைப் பார்க்க வந்திருக்கிறேன் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அடுத்த இருக்கைக்கு நகர்ந்தார். ஒரு பெண்பிள்ளை புடவை எடுக்காமல் ஆரணிக்கு எதற்கு வருகிறாள் என்பது அவருக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

நான் நாகர்கோவில்காரி. வாழ்க்கைப்பட்டது அயர்லாந்தில், டப்ளின் நகரத்தில். கணவர் அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் டாக்டர். வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியாமல் ஓர் ஓவியக் கூடத்தில் காவல் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கேயும் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் வேலை, ஆனால் சம்பளம் உண்டு. சாம்பல் நிறக் கோட்டு ஒன்றை மாட்டிக்கொண்டு, படங்களை யாரும் தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். என் அறையில் ஆறு உருவப்படங்கள். ஆறுக்கும் கீழே பித்தளைத் தகட்டில் ஒரே பெயர்: தாமஸ் வேட். நூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய ஓவியர், மதராஸ் வரை போய்ப் படம் எழுதியவர். மூன்று வருடம் அந்த ஆறு முகங்களோடு நான் குடித்தனம் நடத்தியிருந்தேன்.

அந்த வருடம் வேட்டுக்குத் தனிக் கண்காட்சி வைக்க ஏற்பாடு நடந்தது. நான் விடுமுறையில் ஊருக்குப் போகிறேன் என்று தெரிந்ததும் கூடத்தின் துணைக் காப்பாளர் கூப்பிட்டு ஒரு கோப்பைக் கொடுத்தார். வேட்டின் மனைவி ஹானா தன் தங்கைக்கு எழுதிய கடிதங்களின் தட்டச்சு நகல்கள். ஆரணியை ஒட்டிய சேவூரில், நெசவுக்காரர் ஒருவரின் வீட்டுப் பெண்ணைத் தறிப்பலகையில் எழுதிய படம் ஒன்று இருப்பதாக ஒரு கடிதம் சொல்கிறது. அது இன்னும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், இருந்தால் புகைப்படம் எடுக்க வேண்டும், கையெழுத்தைக் கவனிக்க வேண்டும். நாகர்கோவிலிலிருந்து ஆரணிக்கு ஒரு பகல் ஓர் இரவு ஆகும் என்றேன். "எல்லாம் இந்தியாதானே?" என்றார் அவர்.

கடிதங்களை இரண்டே நாளில் படித்தேன். படிக்கப் படிக்க எனக்குக் கொதித்தது. ஹானா, லினன் துணி நெய்கிறவரின் மகள். கடைகளின் பெயர்ப் பலகைகளைப் பார்த்துப் பார்த்து வரையப் பழகியவள். பாவாடை கட்டிய வயதிலேயே வெண்ணெய் வியாபாரிகளின் சமையலறைகளில் உட்கார்ந்து, அவர்கள் வீட்டுப் பெண்களின் முகங்களை வண்ணக் கட்டியால் வரைந்து கொடுத்துத் தன் வீட்டுக்கு உலை வைத்தவள். ஓவியப் பள்ளிக்குப் போனால் பெண்களுக்கு இடமில்லை என்று வாசலோடு அனுப்பிவிட்டார்கள். உள்ளே இடம் கிடைத்திருந்த தாமஸ் வேட் அவளைக் கல்யாணம் செய்துகொண்டு மதராசுக்குக் கப்பலேற்றினார்.

வந்த கொஞ்ச காலத்திலேயே காய்ச்சலும் குடியும் சேர்ந்து வேட்டின் கையை நடுங்கவைத்துவிட்டன. அதன் பிறகு அவர் செய்ததெல்லாம், படம் எழுதிக்கொள்ள வந்த பட்டாளத்து அதிகாரிகளிடம் முன்னறையில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்ததுதான். ஹானா திரைக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருப்பாள். அவர்கள் எழுந்து போனதும் முகத்தை எழுதுவாள். ஓரத்தில் கணவரின் கையெழுத்தையும் அவளே போடுவாள், அதற்குக்கூட அவர் கை நிற்காது. இதைப் புகாராகக்கூட அவள் எழுதவில்லை, இன்றைக்கு மழை பெய்தது என்கிற மாதிரி எழுதியிருக்கிறாள்.

துணைக் காப்பாளரிடம் போய், தகடுகளில் இருப்பது தப்பான பெயர் என்றேன். அவர் சிரித்தார். "மனைவிமார்கள் தங்கைக்கு எழுதுவதையெல்லாம் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. படம் என்ன சொல்கிறதோ அதுதான். ஆரணிப் படம் வேட் இறந்த பிறகு எழுதியது என்கிறாளே, அதில் அவள் பெயர் இருக்கிறது என்று காட்டு, தகடுகளை மாற்றிவிடுகிறேன்." ஆறு தகடுகளும் ஒரு கையெழுத்தில் தொங்கின. அதற்காகத்தான் நான் பேருந்தில் முட்டி இடிக்க உட்கார்ந்திருந்தேன்.

கண்ணமங்கலம் தாண்டி டயர் வெடித்தது. டப்ளினில் பேருந்து நின்றால் மழையில் வரிசையாக நிற்பார்கள், யாரும் யாரோடும் பேசமாட்டார்கள். இங்கே ஐந்து நிமிடத்தில் எல்லோரும் புளியமரத்தடிக்குப் போய்விட்டார்கள். ஒரு அம்மாள் தூக்கைத் திறந்து எலுமிச்சைச் சோற்றை என் கையில் வைத்துவிட்டு, "வூட்டுக்காரரு இன்னா பண்றாரு?" என்று கேட்டாள். டாக்டர் என்றேன், அதுதான் நான் செய்த தப்பு. "அப்ப நீங்க டாக்டரம்மா!" என்று அவள் சத்தமாகச் சொல்ல, வீங்கின முழங்காலை இரண்டு பேர் என்னிடம் நீட்டிவிட்டார்கள். நான் டாக்டர் இல்லை, டாக்டரின் மனைவி என்று சொன்னால், "அதான், டாக்டரம்மா" என்கிறார்கள். மாற்று டயர் வரும்வரை எனக்கு அதுதான் பெயர். சோறு நன்றாக இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆரணியில் நான் போன விடுதியின் மேலாளர் என் பின்னால் எட்டிப் பார்த்தார். "கூட ஆம்பள யாரும் வரலீங்களா?" இல்லை என்றேன். "தனியா லேடீஸுக்கு ரூம் குடுக்கறதில்லீங்க. நாளைக்கு எதுனா பேஜாருன்னா நான் பதில் சொல்லணும்." நடுப்பகலில், கையில் பெட்டியோடு, ஐயாயிரம் மைல் தனியாக வந்தவளிடம் சொல்கிறார். நான் போட்ட சத்தத்தில் வாசலில் வெற்றிலை விற்றவர்கூட உள்ளே வந்தார். கடைசியில் என் கடவுச்சீட்டைப் புரட்டி, கணவர் டாக்டர் என்று கண்டுபிடித்த பிறகுதான் மேலாளர் இறங்கி வந்தார். பதிவேட்டில் பெயர் என்ற கட்டத்தில் நான் எழுதப் போக, அவரே பேனாவை வாங்கி "டாக்டர் சிவதாணு அவர்களின் மனைவி" என்று எழுதி, அடியில் கோடும் போட்டார். அன்று மத்தியானம் முழுக்க எனக்குக் கோபத்தில் சோறு இறங்கவில்லை.

வியாழக்கிழமை காலை இட்லிக்கு வடகறி வைத்தார்கள். எங்கள் ஊர்ப்பக்கம் இல்லாத சங்கதி. இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன், கோபம் கொஞ்சம் மட்டுப்பட்டது.

சேவூருக்கு டவுன் பஸ் ஏறினேன். ஊருக்குள் நுழைகிற இடத்தில் பஸ் நின்றுவிட்டது. தெருவில் தறிக்குப் போகும் பட்டுப் பாவு நூலை நீளத்துக்கு நீட்டி, இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று இழை இழையாகப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அதன் ஒரு கோடி சாலைவரை வந்திருந்தது. ஓட்டுநர் ஹாரன்கூட அடிக்கவில்லை. இன்ஜினை அணைத்துவிட்டு, "இன்னா பண்றது, இழை அறுந்துச்சுன்னா அவனுக்கு ஒரு நாள் வேலை பூடும்" என்று பீடி பற்றவைத்தார். இந்த மரியாதையைப் பார்த்தபோது, கண்ணாடிச் சட்டத்துக்குள் படத்தை வைத்துவிட்டுப் பெயரை மாற்றிப் போடுகிறவர்கள் ஞாபகத்துக்கு வந்தார்கள்.

இறங்கி நடந்தேன். டீக்கடையில், வெள்ளைக்காரம்மா எழுதின படம் எந்த வீட்டில் இருக்கிறது என்று கேட்டேன். எத்தனை பேரை விசாரிக்க வேண்டியிருக்குமோ என்று பயந்துகொண்டு வந்தவளுக்கு, டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் தலையைக்கூட நிமிர்த்தாமல் பதில் சொன்னார். "தொரசாணி வூடா? பாவு தாண்டி மூணாவது வூடு."

வீட்டுக்கே அதுதான் பெயர். ஓட்டு வீடு. ஏழுமலை குழித்தறியில் உட்கார்ந்து அரக்கு நிறப் புடவை நெய்துகொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். அவர் மனைவி மல்லிகா ராட்டையில் நூலைத் தார் சுற்றிக்கொண்டிருந்தாள். நான் டப்ளினிலிருந்து வருகிறேன், துரைசாணி எங்கள் ஊர்க்காரி என்று சொன்னதும் மல்லிகா ராட்டையை விட்டுவிட்டு எழுந்தாள். "சரியான நாள்ல வந்துகிறீங்க. நாளைக்குத்தான் எங்க வூட்டுப் பூவாட" என்றாள். முதலில் ஒரு செம்பு கேழ்வரகுக் கூழ், வெங்காயம், மோர் மிளகாய். டப்ளினில் காலையில் ஓட்ஸ் கஞ்சி என்று ஒன்று குடிப்போம், அதற்கு இத்தனை ருசி இருந்தால் நான் பருத்திருப்பேன்.

அந்தப் பக்கத்தில், வீட்டில் இறந்துபோன பெண்களைப் பூவாடைக்காரி என்று கும்பிடுகிறார்கள். வருடத்துக்கு ஒரு நாள் புதுப்புடவை வைத்து, பொங்கலிட்டு, ஒவ்வொருத்தியையும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். இந்த வீட்டுப் பூவாடைக்காரிக்கு முகமே இருக்கிறது. தறிக்கூடத்தை ஒட்டிய இருட்டறையில், சுவரோடு சேர்த்து அடித்த தேக்குப் பலகையில் அவள் உட்கார்ந்திருந்தாள். பெயர் பச்சையம்மா. நெற்றியில் எத்தனையோ தலைமுறைக் குங்குமம் ஒரு விரல் தடிமனுக்கு ஏறியிருந்தது. கன்னமெல்லாம் மஞ்சள், மேலே விளக்குப் புகை. எங்கள் கூடத்தில் படத்துக்கு முன்னால் தும்மினாலே எழுந்து போய்ச் சொல்ல வேண்டும். "இப்படிப் பாழாக்கி வெச்சிருக்கீங்களே!" என்று கத்தியேவிட்டேன்.

மல்லிகாவுக்குச் சுருக்கென்றது. "பாழா? வருசா வருசம் எண்ணெ தொட்டுத் தொடச்சிகினு இருக்கோம். இத்தினி வருசத்துல ஒரு கரையான் ஏறல. உங்க ஊர்ல எப்டி வெச்சிகினு கும்புடுவாங்க?" என்றாள். அங்கே யாரும் கும்பிடுவதில்லை, பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள் என்றேன். அவளுக்கு அது பெரிய மரியாதையாகத் தோன்றவில்லை.

ஏழுமலை ஒரு நீளக் கம்பால் கூரையில் இரண்டு ஓடுகளைத் தள்ளினார். வெயில் நேராகப் பச்சையம்மாவின் முகத்தில் விழுந்தது. புகைக்கும் மஞ்சளுக்கும் பின்னால் அந்தக் கண்கள் இருந்தன. நான் மூன்று வருடம் எதிரே உட்கார்ந்திருந்த ஆறு படங்களிலும் கீழ் இமையில் ஒரு துளி வெளிச்சம் இருக்கும், ஊசி முனையளவு, சற்றே இடதுபுறம். அதே துளி இங்கேயும் இருந்தது. ஒரு கை எழுதிய ஏழு முகங்கள். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அழுகை வந்துவிட்டது.

மல்லிகா கதையைச் சொன்னாள். "ஆரணிக்கு வந்த எடத்துல தொரசாணி புருசனப் பறிகுடுத்துட்டு, கறுப்புக் கவுனோட தனியா நின்னாங்களாம். பட்டாளத்துப் பாளையத்துல வெச்சிக்க ஆளு இல்ல. எங்க பச்சையம்மாதான் இட்டாந்து வூட்ல வெச்சிகினாங்க. மழ வுடற வரைக்கும் இங்கதான். அப்ப பச்சையம்மாவுக்கு நெற மாசம். ஒடஞ்சு போன தறிப்பலகையில இத்த எழுதினாங்க. அந்தப் பிரசவத்துலயே பச்சையம்மா போய்ட்டாங்க, மூஞ்சி மட்டும் எங்களுக்கு நின்னுச்சி."

"அதனால ரெண்டு பொடவ வெப்போம். ஒண்ணு பச்சையம்மா ஆயாவுக்கு, ஒண்ணு தொரசாணிக்கு" என்றார் ஏழுமலை. துரைசாணியின் புடவையை மடிப்போடு எடுத்துக் காட்டினார். வருடம் முழுக்கத் தறியில் மிஞ்சுகிற, குறுக்கே ஓடும் ஊடைப் பட்டு நூலைத் துண்டு துண்டாகச் சேர்த்துவைத்து, ஆடியில் அவளுக்கென்று நெய்கிறார்கள். அரக்கு ஒரு விரற்கடை, பச்சை ஒரு விரற்கடை, வெந்தயம், மாம்பழம், மயில்கழுத்து என்று கோடு கோடாகப் போகிறது, ஒரு கோடு போல் இன்னொன்று இல்லை. கடையில் யாரும் வாங்கமாட்டார்கள். "படம் எழுதறவங்களுக்கு எல்லாக் கலரும் வேணும்ல" என்றாள் மல்லிகா.

படத்தின் வலது கீழ்மூலையில் குங்குமம் ஒரு உருண்டையாக ஏறியிருந்தது. என்ன அது என்றேன். "தொரசாணி பேரு. அவங்க கையால எழுதினது. மொதல்ல அதுக்குப் பொட்டு வெச்சிட்டுத்தான் ஆயாவுக்கு வெப்போம். வருசத்துக்கு ஒருவாட்டி பூவாடைக்கு மின்னாடி தொடைப்போம்." சொல்லிக்கொண்டே எண்ணெய்த் துணியால் மெல்ல அழுத்தினாள். குங்குமம் சேறாக இளகி வந்தது. ஆறு தகடுகளும் அந்தத் துணிக்குக் கீழே இருந்தன.

டி. வேட்.

நான் குனிந்து, மூக்கு பலகையில் படப் பார்த்தேன். ஹானாவின் எழுத்து ஒன்றுகூட இல்லை. புருசன் செத்த பிறகு, ஒரு காசு கேட்காமல், தனக்குச் சோறு போட்டவளுக்காக எழுதிய படம். பார்க்க ஒரு அதிகாரியும் இல்லை, கேட்க ஒருவரும் இல்லை. அதிலும் அவள் கை பழக்கத்தில் அந்தப் பெயரைத்தான் எழுதியிருக்கிறது. அவள் மேல் வந்த கோபம் எனக்கு வேறு யார் மேலும் வந்ததில்லை. பிறகு அந்தக் கையை அப்படிப் பழக்கியவர்களின் மேல் வந்தது.

"அவங்க பேருதானே?" என்றாள் மல்லிகா. "பசங்க எழுத்துக் கூட்டிப் பார்த்துட்டு ஏதோ வெள்ளக்காரப் பேருன்னாங்க."

"இல்ல மல்லிகா. அது அவ புருசன் பேரு."

மல்லிகா கையிலிருந்த துணியைக் கீழே போட்டாள். "ஆம்பள பேருக்கா இத்தினி வருசமா பொட்டு வெச்சிகினு இருந்தோம்? அந்தாளு இந்த வூட்டு வாசப்படியக்கூட மிதிக்கலியே! செத்தவன் எப்டிக் கையெழுத்துப் போடுவான்?" ஏழுமலை தறியிலிருந்தபடியே சொன்னார்: "எழுதினது தொரசாணிதான்றதுல சந்தேகமே வேணாம் மேடம். ஆம்பளைக்கு யாருனா பொடவ வெப்பாங்களா?"

எனக்கு அது போதுமான சாட்சியாகப் பட்டது. இன்றைக்கும் படுகிறது. புகைப்படக் கருவியை எடுத்தபோது மல்லிகா தடுத்தாள். "பொட்ட வெச்சிட்டே புடிங்க க்கா. நீங்க சொல்லலன்னா யாருக்குத் தெரியப் போவுது?" ஒரு நிமிடம் யோசித்தேன். கையெழுத்து தெரியவில்லை என்று சொல்லியிருந்தால் யாரும் டப்ளினிலிருந்து வந்து பார்த்திருக்கப் போவதில்லை. ஆனால் ஹானாவின் வழக்குக்குப் பொய் எதற்கு என்று நினைத்தேன். துடைத்த மூலையை அப்படியே படம் எடுத்தேன். அந்த மடத்தனத்தை நினைத்து இன்னும் நான் கையைப் பிசைந்துகொண்டிருக்கிறேன்.

"சரி, அவங்க பேரு இன்னா?" என்று மல்லிகா கேட்டாள்.

"ஹானா."

அவள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலை வீடு மெழுகி, பொங்கல் பொங்கி, இரண்டு புடவைகளையும் பூவோடு தாம்பாளத்தில் வைத்தார்கள். அந்த வீட்டில் பிறந்து வேறு ஊரில் வாழ்க்கைப்பட்ட பெண்கள் இரண்டு பேர் வந்திருந்தார்கள். ஹானா கணவனை இழந்தவளாயிற்றே, மஞ்சளும் பூவும் வைக்கலாமா என்று வாய் சும்மா இராமல் கேட்டேன். "அதெல்லாம் நம்மளுக்குப் போட்டு வெச்ச சட்டம் க்கா. அவங்களுக்கு இன்னா?" என்று மல்லிகா வேலையைப் பார்த்தாள்.

மல்லிகா குங்குமத்தைக் குழைத்தாள். வழக்கமாக மூலையில் ஒரு பொட்டுத்தான். அன்று உள்ளங்கை நிறைய எடுத்து, டி. வேட் முழுவதும் மறையும்படி அப்பினாள். ஓரம் தெரிந்த இடத்தில் இன்னொரு தடவை. பிறகு கற்பூரம் காட்டி, இறந்துபோன பெண்களின் பெயர்களை வரிசையாகக் கூப்பிட்டாள். பச்சையம்மா, முனியம்மா, கன்னியம்மா என்று போய், முன்பெல்லாம் துரைசாணி என்று முடிகிற இடத்தில், "ஹானாம்மா, வா தாயி, உன் பொடவய வாங்கிக்கோ" என்றாள். அந்தப் பெயரை ஹானாவின் சொந்த ஊரில்கூட அப்படி ஒருவரும் கூப்பிட்டதில்லை.

பச்சையம்மாவின் புடவை வீட்டுப் பெண்ணுக்கு. துரைசாணியின் புடவை வெளியூர்க்காரி ஒருத்திக்கு என்பது அவர்கள் வழக்கம். யாரும் அகப்படாத வருடத்தில் பஸ் நிறுத்தத்துக்குப் போய்க் கொடுத்துவிட்டு வருவார்களாம். மல்லிகா தாம்பாளத்தோடு என் எதிரே வந்து நின்று, "பேரு சொல்லித்தான் குடுக்கணும். உங்க பேரு இன்னா க்கா?" என்றாள்.

வேலூரில் ஏறியதிலிருந்து அந்தக் கேள்வியை என்னிடம் கேட்ட முதல் ஆள் அவள்தான்.

"பகவதி."

"பகவதி வாங்கிக்கறா, ஹானாம்மா" என்று படத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு, கோடு போட்ட புடவையை என் கையில் வைத்தாள். குங்குமம் அப்பிய மூலையையும், எதிரே இருந்த வெற்றுத் தாம்பாளத்தையும், என் தோளில் கிடந்த புடவையையும் சேர்த்து, மல்லிகாவின் கையில் கருவியைக் கொடுத்து இரண்டாவது படம் எடுக்கவைத்தேன்.

சனிக்கிழமை திரும்பும் பேருந்து வழியில் எங்கும் நிற்கவில்லை. கடைசிக் கடிதங்களை மறுபடி எடுத்துப் படித்தேன். ஊர் திரும்பிய ஹானா தன் பெயரில் படம் எழுத முயன்றிருக்கிறாள். கொண்டுபோய்க் காட்டிய இடங்களில், புருசன் அளவுக்கு வரவில்லையே அம்மா, முயற்சி பண்ணுங்கள் என்றார்களாம். அவளே எழுதிய படங்களைச் சுவரில் காட்டிச் சொல்லியிருக்கிறார்கள்! பிறகு பணக்காரப் பெண்களுக்கு விசிறியில் பூ எழுதக் கற்றுக்கொடுத்து, தங்கை வீட்டுப் பின்னறையில் முடிந்தாள். கல்லறையில் "ஓவியர் தாமஸ் வேட்டின் மனைவி" என்று இருப்பதாகக் கோப்பின் கடைசித் தாளில் குறித்திருந்தார்கள். பக்கத்து இருக்கைப் பெண் என் மடியிலிருந்த பொட்டலத்தைப் பார்த்து, "ஆரணியில எடுத்தீங்களா? இன்னா வெல?" என்றாள். விலைக்கு வாங்கவில்லை, கொடுத்தார்கள் என்றேன். அவள் நம்பவில்லை.

டப்ளினில் துணைக் காப்பாளரிடம் இரண்டு புகைப்படங்களும் படச்சுருளும் நாலு பக்க அறிக்கையும் கொடுத்தேன். புடவை வழக்கம், வீட்டின் பெயர், கறுப்புக் கவுன், இமையில் இருக்கும் வெளிச்சத் துளி, எல்லாம் எழுதியிருந்தேன். அவர் முதல் புகைப்படத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்து, "அருமை! தெளிவான வேட் கையெழுத்து" என்றார். செத்தவர் எப்படிக் கையெழுத்துப் போடுவார் என்று கேட்டேன். சாவதற்கு முன் தொடங்கிய படமாக இருக்கும் என்றார். புடவை என்றேன். "நெசவாளர்கள் சொல்லும் கதை, சுவாரசியமானது" என்று இரண்டாவது புகைப்படத்தை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். நான் கொடுத்த எல்லாவற்றிலும் அவருக்கு வேண்டியிருந்தது டி. வேட் என்ற இரண்டு சொல்.

கண்காட்சி திறக்கிற அன்று காலை எனக்குக் கையேட்டின் ஒரு பிரதி கிடைத்தது. பச்சையம்மா முழுப் பக்கத்தில் இருந்தாள். கீழே ஓவியர்: தாமஸ் வேட். அதற்கும் கீழே பொடி எழுத்தில், புகைப்படம்: டாக்டர் சிவதாணு. என் கணவர் ஆரணியை வரைபடத்தில்கூடப் பார்த்தவரில்லை. ஓடிப்போய்க் கேட்டேன். "படச்சுருள் இருந்த டப்பாவில் அந்தப் பெயர்தானே ஒட்டியிருந்தது?" என்றார் துணைக் காப்பாளர். வீட்டில் கருவிப் பையிலும் டப்பாவிலும் அவர் பெயரை ஒட்டிவைத்தது யார் என்று நினைத்துப் பார்த்தேன். நான்தான். பழக்கம்.

வீட்டுக்குத் திரும்பிப் போய்க் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, கோடு போட்ட புடவையைக் கட்டிக்கொண்டு வந்தேன். துணைக் காப்பாளர் என்னை மூலைக்கு அழைத்து, கோட்டு எங்கே என்றார். இந்தப் புடவை மேல் கோட்டுப் போடமாட்டேன், வேண்டுமானால் சீட்டைக் கிழித்துக்கொள்ளுங்கள் என்றேன். விருந்தாளிகள் வந்துகொண்டிருந்ததால் அவரால் சத்தம் போட முடியவில்லை. என் புகைப்படத்தைப் பெரிதாக்கி மாட்டியிருந்த ஆரணிப் படத்துக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

ஒரு நரைத்த அம்மாள் படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "என்ன அழகான துணி. உங்களுடையதா?"

"இல்லை. இந்தப் படத்தை எழுதியவளுக்கு வைத்தது."

அவள் தகட்டைக் குனிந்து பார்த்தாள். "தாமஸ் வேட் என்று இருக்கிறதே?"

"ஆண்பிள்ளைக்கு யாராவது புடவை வைப்பார்களா?" என்றேன். முழுக்கதையையும் அங்கேயே சொன்னேன். அவள் கைப்பையிலிருந்து பேனாவை எடுத்துக் கையேட்டைப் பிரித்து, அவள் பெயர் என்ன என்றாள். ஹானா டேலி என்றேன், பிறந்த வீட்டுப் பெயரோடு. பொடி எழுத்தைக் காட்டி, உங்கள் பெயர் என்ன என்றாள். ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன்.

ஓரத்தில் எழுதினால் போதாது, அச்சிட்டிருக்கும் இரண்டு பெயர்களையும் அடித்துவிட்டு எழுதுங்கள் என்றேன். அடித்தாள்.